விளக்கேந்திய பெருமாட்டியும் இடம் மாறும் செவிலியரும்

ஆண்டுதோறும் மே 12-ஆம் நாள் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. அன்று மருத்துவமனைகளில் அவருடைய படத்துக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. செவிலியர் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்துக்கொள்கின்றனர். விழா முடிந்த மறுநாள் காலையில், அதே செவிலியரில் ஒருவர் பணிக்கு வந்ததும், இன்று உங்களுக்கு அறுவை சிகிச்சை வார்டு இல்லை, குழந்தைகள் வார்டில் ஆள் குறைவு, அங்கே செல்லுங்கள் என்று சொல்லப்படலாம். இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் ஏற்பாடு அது. பணிப் பட்டியலில் ஒரு பெயர் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் செவிலியருக்கு அது அவ்வளவு எளிதன்று. பழகிய வார்டில் அவசர மருந்துகள் எந்த அலமாரியில் இருக்கின்றன, எந்த மருத்துவரின் கையெழுத்தை எப்படிப் படிக்க வேண்டும், ஏழாம் கட்டிலில் இருப்பவரின் முகம் நேற்றைவிட இன்று ஏன் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புதிய வார்டில் இவற்றுள் எதுவும் தெரியாது. குழந்தைக்கு மருந்தளவு உடல் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பெரியவர்களுக்கே மருந்து கொடுத்துப் பழகிய கை அங்கே தயங்கும். கேட்டால், இதுகூடத் தெரியாதா என்ற பார்வை. கேட்காவிட்டால், தவறு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம். இரவலாக வந்தவர் என்பதால் கடினமான நோயாளிகளே அவருக்கு ஒதுக்கப்படுவதும் உண்டு. தவறு நேர்ந்தால் விளக்கம் கேட்கும் குறிப்பாணை அவரை அனுப்பியவருக்கு வராது, அனுப்பப்பட்டவருக்கே வரும்.

பொருளியல் பயின்றவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. மனித மூலதனம் பற்றி 1964-இல் நூல் எழுதிய கேரி பெக்கர், திறனைப் பொதுத் திறன், இடம் சார்ந்த திறன் என இரண்டாகப் பிரித்தார். பட்டமும் பதிவும் தருவது பொதுத் திறன். அது செல்லுமிடமெல்லாம் உடன் வரும். ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிப் பெறுவது இடம் சார்ந்த திறன். இடம் மாறினால் அதில் பெரும்பகுதி பின்தங்கிவிடும். வருகைப் பதிவேடு முதலாவதை மட்டுமே எண்ணுகிறது. ஆகவே ஒரு செவிலியருக்கு இன்னொரு செவிலியர் ஈடு என்று நிர்வாகம் கணக்கிடுகிறது. இந்தக் கணக்கு எங்கே பிழைபடுகிறது என்பதைக் காட்டும் வாழ்க்கை, நாம் மாலை அணிவிக்கும் அந்தப் பெண்மணியின் வாழ்க்கையே.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. செல்வம் மிகுந்த ஆங்கிலேயக் குடும்பம். தந்தை பெண்களுக்குக் கணிதமும் பழைய மொழிகளும் கற்பித்த அரிய மனிதர். எனினும், தம் மகள் மருத்துவமனைப் பணிக்குச் செல்வதைக் குடும்பம் ஏற்கவில்லை. 1845-இல் சால்ஸ்பரி மருத்துவமனையில் பயிற்சி பெற அவர் விரும்பியபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அக்காலத்தில் மருத்துவமனைச் செவிலியர் என்றால் வறுமையும் குடிப்பழக்கமும் சேர்ந்த ஒரு சித்திரமே மேட்டுக்குடியினர் மனத்தில் இருந்தது. ஆறு ஆண்டுகள் காத்திருந்து, 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் பாதிரியார் ஃபிளீட்னர் நடத்திய நிலையத்தில் சுமார் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார்.

1853-இல் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறிய இல்லம் ஒன்றின் கண்காணிப்பாளரானார். ஊதியம் இல்லை, தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுத்துவந்தார். அங்கே அவர் முதலில் கவனித்தது நோயாளிகளை மட்டுமன்று, செவிலியரின் கால்களையும்தான். ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர் குழாய் வழியே வர வேண்டும், உணவு மேலே ஏறிச்செல்லக் கயிற்றுப் பொறி வேண்டும், எந்த நோயாளி மணி அடித்தார் என்பது செவிலியருக்கு உடனே தெரியும்படி அமைப்பு வேண்டும் என்றார். செவிலியர் மாடிப்படி ஏறி இறங்குவதிலேயே பொழுதைக் கழித்தால் நோயாளியின் அருகில் யார் இருப்பார் என்பது அவருடைய கேள்வி. வார்டு எப்படி அமைந்திருக்கிறது என்பது செவிலியரின் திறமையில் ஒரு பகுதி என்ற எண்ணம் அங்கேயே வேர்விட்டது.

அடுத்த ஆண்டு கிரீமியப் போர் அவரை உலகறியச் செய்தது. காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் கவனிப்பாரின்றி மடிவதை டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. போர்த்துறைச் செயலரும் நண்பருமான சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 1854 அக்டோபர் 21 அன்று 38 பெண்களுடன் அவர் புறப்பட்டார். அந்த 38 பேரில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பதினான்கு பேர் ஆங்கிலிக்கச் சமயச் சகோதரியர் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். எஞ்சிய பதினான்கு பேர் மருத்துவமனைகளில் ஊதியத்துக்குப் பணியாற்றியவர்கள். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதியான ஸ்கூட்டாரியை நவம்பர் 4 அன்று அவர்கள் அடைந்தனர்.

மருத்துவ வரலாற்றின் புகழ்பெற்ற இடமாற்றம் இது. லண்டன் வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பழகியவர், இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு ஆறுதல் கூறிப் பழகிய கன்னியர், ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பழகியவர் என யாவரும் ஒரே நாளில் ஓர் இராணுவப் பாசறையின் நெடிய தாழ்வாரங்களில் நிறுத்தப்பட்டனர். அங்கே தூய்மை செய்வதும் நோயாளியைத் தூக்குவதும் படைவீரர்களான ஏவலரின் வேலை. சட்டை ஒன்று தேவைப்பட்டாலும் உரிய அதிகாரியின் கையொப்பம் இல்லாமல் கிடங்கிலிருந்து வெளியே வராது. யாருக்கு யார் மேலதிகாரி என்பது சீருடையில் உள்ள பட்டைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. லண்டனில் திறமைசாலி என்று பெயர் பெற்றவருக்கும் இங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது.

மருத்துவர்களும் அவர்களை வரவேற்கவில்லை. அப்போது நைட்டிங்கேல் செய்த செயல் வியப்பூட்டுவது. வந்த வேகத்தில் வார்டுகளுக்குள் நுழையுமாறு தம் செவிலியரை ஏவவில்லை. மருத்துவர்கள் கேட்கும்வரை காத்திருக்கச் செய்தார். வெளியே வீரர்கள் வலியில் முனகிக்கொண்டிருக்க, உள்ளே செவிலியர் தலையணைகளும் கைத்தொட்டில் கட்டுகளும் தைத்துக்கொண்டிருந்தனர். அவருடைய குழுவினரே சிலர் இதனால் மனம் வருந்தினர். ஆனால் அழைக்கப்படாமல் நுழைந்தால் அந்த மருத்துவமனை தங்களை ஒருநாளும் ஏற்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சில நாள்களுக்குள் இங்கர்மன் போரில் காயமுற்றவர்கள் கப்பல் கப்பலாக வந்து சேர்ந்தனர். மருத்துவர்கள் தாமே உதவி கேட்டனர். அழைக்கப்பட்ட பின் நுழைந்த செவிலியருக்கு அங்கே ஓர் இடம் இருந்தது.

டிசம்பரில் அவர் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மேரி ஸ்டான்லி என்பவரின் தலைமையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் கொண்ட இரண்டாம் குழு வந்து இறங்கியது. ஆள் பற்றாக்குறை இருக்கும் இடத்துக்கு ஆள்கள் வருவதில் என்ன குறை என்று எவரும் கேட்பர். நைட்டிங்கேல் கடுஞ்சினம் கொண்டார். பதவி விலகவும் முன்வந்தார். அவருடைய அதிகார வேட்கையே இதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதியுள்ளனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சமயப் பூசலும் கலந்திருந்தது. ஆயினும் நிர்வாகக் கண்ணால் நோக்கினால் அவருடைய கவலை புரியும். முதலில் வந்த 38 பேரை அந்த இடத்துக்குப் பழக்குவதற்கே அவர் திணறிக்கொண்டிருந்தார்; தகுதியற்றவர் எனக் கருதிய சிலரைத் திருப்பியனுப்பவும் நேர்ந்தது. தங்க இடமில்லாத, எந்த வார்டுக்கு யார் என்று வரையறுக்கப்படாத, பழக்கிக்கொடுக்க ஆளில்லாத நாற்பது கைகள் உதவியாகுமா, சுமையாகுமா?

போர்முனைக்கு அருகில் இருந்த பாலக்ளாவா மருத்துவமனைகளுக்குச் செவிலியர் மாற்றப்பட்டபோதும் இதுவே நேர்ந்தது. நைட்டிங்கேலின் நியமன ஆணையில் துருக்கி என்றே இருந்ததால், கிரீமியாவில் அவருக்கு அதிகாரம் உண்டா என்ற சர்ச்சை எழுந்தது. அங்கே சென்ற செவிலியர் யாருடைய சொல்லைக் கேட்பது என்று அறியாமல் தவித்தனர். 1856 மார்ச்சில் இராணுவப் பொது ஆணை வந்த பிறகே அந்தச் சர்ச்சை தீர்ந்தது. போர் முடியும் தறுவாய் அது. தம் வார்டிலிருந்து அனுப்பப்பட்டு, சென்ற வார்டிலும் தமக்குரியவராக எவரும் கொள்ளாத நிலை அது. இன்றும் இடம் மாற்றப்படும் செவிலியர் இந்த நிலையை உடனே அடையாளம் கண்டுகொள்வர்.

நைட்டிங்கேல் வந்ததும் மரணங்கள் குறைந்தன என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. அவர் வந்த பிறகு, அந்தக் குளிர்காலத்தில் ஸ்கூட்டாரியில் மரணங்கள் பெருகின. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 42 பேர் இறந்தனர். மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மை செய்து, காற்றோட்டத்தைச் சீராக்கியது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. தாயகம் திரும்பியபின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து இந்த எண்களை ஆராய்ந்தபோதுதான் அதன் முழுப்பொருளும் அவருக்கு விளங்கிற்று. அன்பும் உழைப்பும் நிறைந்த செவிலியர், தாம் நிற்கும் கட்டடத்தை அறியாமல் பணியாற்றினால் உயிர்கள் காப்பாற்றப்படுவதில்லை என்பதே அந்தப் பொருள். இந்த ஆய்வின் விளைவாக 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

அதன்பின் அவர் எழுதிய நூல்களை இந்தப் பட்டறிவின் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். மருத்துவமனைகள் பற்றிய நூலில் வார்டின் சன்னல்கள், கட்டில்களுக்கு இடையிலான தொலைவு, ஒரு வார்டில் இருக்கத்தக்க நோயாளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வரையறுத்தார். ஒரு தலைமைச் செவிலியரின் கண்ணுக்கு எட்டும் அளவே ஒரு வார்டின் அளவு என்பது அவருடைய கணக்குகளில் ஒன்று. அவ்வாறு கட்டப்பட்ட நீண்ட கூடங்கள் நைட்டிங்கேல் வார்டுகள் என்றே பெயர் பெற்றன. செவிலியப் பணி குறித்த குறிப்புகள் என்ற அவருடைய சிறுநூலில் சிறு நிர்வாகம் பற்றிய ஓர் இயல் உண்டு. ஒருவர் இருக்கும்போது நடக்கும் கவனிப்பு, அவர் இல்லாதபோதும் தவறாமல் நடக்க ஏற்பாடு செய்வதே பொறுப்பு என்பது அதன் சாரம். இன்று பணிமுறை மாறும்போது செவிலியர் ஒருவரிடமிருந்து ஒருவர் பொறுப்பேற்கும் வழக்கத்தின் உட்பொருளும் அதுவே.

போரின்போது மக்கள் திரட்டிக்கொடுத்த நிதியைக் கொண்டு 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். முதலில் சேர்ந்தவர்கள் 15 பேர். அங்கே பயிற்சி பெறும் மாணவி வார்டுக்கு வார்டு மாற்றப்பட்டார். இடமாற்றத்துக்கு நைட்டிங்கேல் எதிரி அல்லர் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்த ஏற்பாட்டில் மாறுபவர் கற்றுக்கொள்பவர். மாறாமல் இருப்பவர் வார்டின் தலைமைச் செவிலியர். புதிதாக வந்தவரைக் கைப்பிடித்து நடத்துபவர் அவர். லண்டனின் பழைய மருத்துவமனைகள் சிலவற்றில் தலைமைச் செவிலியரை அவருடைய சொந்தப் பெயரால் அழைக்காமல் வார்டின் பெயராலேயே அழைத்தனர். அந்த அளவுக்கு வார்டும் அவரும் ஒன்றாயினர்.

பள்ளியில் குறையும் இல்லாமல் இல்லை. மருத்துவமனையின் ஆள் பற்றாக்குறையை நிரப்பும் கைகளாக மாணவியர் பயன்படுத்தப்பட்டனர்; கற்பித்தல் பின்னுக்குப் போயிற்று. 1870-களின் தொடக்கத்தில் இதை அறிந்த நைட்டிங்கேல் கற்பித்தலைச் சீராக்க முனைந்தார். கற்பதற்காக இடம் மாற்றுவதும், காலியிடத்தை அடைப்பதற்காக இடம் மாற்றுவதும் பணிப் பட்டியலில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு, சென்ற இடத்தில் கற்பிக்க ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் உள்ளது.

அந்தப் பள்ளியிலிருந்து அவர் செவிலியரைத் தொலைதூரங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1865-இல் ஆக்னஸ் ஜோன்ஸ் என்ற இளம்பெண் 12 பயிற்சி பெற்ற செவிலியருடன் லிவர்பூல் ஏழையர் விடுதியின் மருத்துவப் பிரிவுக்குச் சென்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். அதுவரை அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் விடுதியிலேயே தங்கியிருந்த ஏழைப் பெண்கள். 1868-இல் சிட்னி நகருக்கு லூசி ஆஸ்பர்ன் தலைமையில் ஒரு குழு கடல் கடந்தது. இவர்களை அவர் தனித்தனியாக அனுப்பவில்லை. ஒருவரையொருவர் அறிந்த குழுவாக, தமக்கென ஒரு தலைவியுடன் அனுப்பினார். பொறுப்பேற்று வெளியூர் சென்றவர்களுக்கு விடாமல் கடிதம் எழுதி, அவர்களுடைய இடர்களைக் கேட்டறிந்தார். அப்படியும் இழப்புகள் நேர்ந்தன. ஆக்னஸ் ஜோன்ஸ் மூன்றே ஆண்டுகளில், 35 வயதில், வார்டில் தொற்றிய டைஃபஸ் காய்ச்சலுக்கு இரையானார். அவருக்கு நைட்டிங்கேல் உருக்கமான அஞ்சலிக் கட்டுரை எழுதினார்.

கிரீமியாவில் பற்றிய காய்ச்சலின் பின்விளைவால் 1857 முதல் நெடுங்காலம் நைட்டிங்கேல் நோயாளியாகவே அறைக்குள் வாழ்ந்தார். அங்கிருந்தே அரசுக் குழுக்களுக்கு அறிக்கைகள் எழுதினார். இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமலே இந்தியாவின் சுகாதாரத்தையும் பஞ்சங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். முதுமையில் அவர் ஒரு வாதத்தில் தோற்றார். செவிலியருக்குத் தேர்வும் அரசுப் பதிவும் வேண்டும் என்று 1880-களின் இறுதியில் எழுந்த இயக்கத்தை அவர் எதிர்த்தார். வார்டில் ஒருவர் எப்படிப் பணியாற்றுவார் என்பதைத் தேர்வுத்தாள் காட்டாது என்பது அவர் வாதம். 1910-இல் அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் வந்தது. அது வந்ததே நன்று. ஆனால் அவருடைய ஐயம் பொய்யாகவில்லை. பதிவுச் சான்றிதழ் உள்ளவர் எந்த வார்டிலும் நிற்கலாம் என்று நாம் எண்ணத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இந்த எண்ணம் தவறு என்பதற்கு இன்று புள்ளிவிவரச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் பெரிய மருத்துவமனை அமைப்பு ஒன்றின் தரவுகளைக் கொண்டு நான்கு ஆய்வாளர்கள் 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செவிலியரின் கல்வித் தகுதி மட்டுமன்றி, குறிப்பிட்ட அந்த வார்டில் அவர்கள் பணியாற்றிய காலமும் நோயாளியின் நலனை உயர்த்துகிறது என அவர்கள் கண்டனர். அனுபவம் மிக்கவர் விலகும்போதும், ஒப்பந்தச் செவிலியர் இடையில் சேர்க்கப்படும்போதும் குழுவின் செயல்திறன் குறைகிறது என்பதும் அவர்கள் முடிவு.

2020-இல் கொரோனா பரவியபோது, லண்டனில் ஒரு கண்காட்சி அரங்கம் சில நாள்களில் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. நான்காயிரம் கட்டில்கள்வரை விரிவாக்கத் திட்டம். அதற்கு நைட்டிங்கேலின் பெயரையே சூட்டினர். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் சுமார் 54 பேர் மட்டுமே. மற்ற மருத்துவமனைகள் தம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை விரிவாக்கிக்கொண்டது ஒரு காரணம். தீவிர சிகிச்சை அறிந்த செவிலியர் போதிய அளவில் கிடைக்காதது இன்னொரு காரணம். கட்டிலைச் சில நாள்களில் அமைத்துவிடலாம். அந்தக் கட்டிலருகே நிற்கத் தெரிந்தவரை அப்படி உருவாக்க முடியாது.

இடமாற்றமே கூடாது என்று எந்த மருத்துவமனையும் இயங்க முடியாது. திடீரென ஒருவர் விடுப்பில் செல்வார். ஒரு வார்டு நிரம்பும், ஒன்று காலியாகும். மாற்றும் முறையைத்தான் சீராக்க வேண்டும். செவிலியருக்கு நோயாளிகளின் விகிதத்தைச் சட்டத்தால் வரையறுத்த கலிஃபோர்னியா மாநிலம், அதே சட்டத்தில், ஒரு வார்டைப் பற்றிய அறிமுகப் பயிற்சி பெறாத, அங்கே பணியாற்றும் திறனை மெய்ப்பிக்காத செவிலியரை அந்த வார்டுக்கு ஒதுக்கக் கூடாது என்றும் விதித்துள்ளது. நம் மருத்துவமனைகள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்புள்ள வார்டுகளைத் தொகுதிகளாக்கி, அத்தொகுதிக்குள் மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு செவிலியருக்கும் ஓய்வான நாள்களிலேயே அண்டை வார்டுகளை அறிமுகப்படுத்தலாம். மாற்றப்பட்டு வருபவருக்கு அந்த வார்டின் மூத்த செவிலியர் ஒருவரைத் துணையாக நியமிக்கலாம். அபாயகரமான மருந்துகளை முதல் நாளில் அவர் தனியே கையாளாமல் தடுக்கலாம். எனக்கு இது பழக்கமில்லை என்று சொல்பவரைக் கீழ்ப்படியாதவர் எனக் கருதாமல், அந்தச் சொல்லை ஓர் எச்சரிக்கையாகப் பதிவு செய்யலாம். இவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

நள்ளிரவில் குழாய்வழி மருந்து ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு, அருகில் நிற்கும் செவிலியர் இந்த வார்டுக்கு இன்றுதான் வந்தவர் என்பது தெரியாது. தெரிய வேண்டியவர்கள் பணிப் பட்டியல் தயாரிப்பவர்கள். அடுத்த மே 12 அன்று மாலையும் விளக்கும் இருக்கட்டும். அவற்றோடு அந்தப் பட்டியலையும் அவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.